கரையை நெருங்கும் புயல்

“வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை உருவாகியிருக்கிறது” என்னும் அறிவிப்பு தமிழருக்குப் புதிதன்று. ஐப்பசியும் கார்த்திகையும் வந்துவிட்டால் இச்செய்தியை எதிர்பார்த்தே நாம் வளர்ந்தோம். கேட்ட மாத்திரத்தில் குடையைத் தேடுவோர் சிலர். பள்ளிக்கு விடுமுறை உண்டா என்று விசாரிக்கும் சிறுவர் பலர். ஆனால் உத்தியோகத்தை முன்னிட்டும் பிழைப்பை நாடியும் கொல்கத்தாவிலும், புவனேசுவரத்திலும், விசாகப்பட்டினத்திலும், மும்பையிலும், கச்சு வளைகுடாவின் கரையிலும் குடியேறி வாழும் நம்மவர் இவ்வறிவிப்பைச் சற்று வேறு வகையாகச் செவிமடுக்க வேண்டும். அங்கெல்லாம் புயல் வரும் மாதம் வேறு. கடலின் இயல்பு வேறு. எச்சரிக்கை வந்து சேரும் மொழியும் வேறு.

முதலில் மாதத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டுக் கரையைப் பெரும்பாலும் மழைக்காலப் புயல்களே தாக்குகின்றன. வங்காளம், ஒடிசா, குஜராத் ஆகிய கரைகளுக்கோ கோடைப் புயலும் உண்டு. 2009-ம் ஆண்டின் ஐலா, 2019-ம் ஆண்டின் ஃபணி, 2020-ம் ஆண்டின் அம்பன் ஆகிய மூன்றும் மே மாதத்தில் கரையேறியவை. கச்சுப் பகுதியில் பேரழிவு விளைத்த 1998-ம் ஆண்டுப் புயல் ஜூன் மாதத்தில் வந்தது. மும்பைக்குத் தெற்கே கரையைக் கடந்த 2020-ம் ஆண்டின் நிசர்கா புயலும் ஜூன் மாதத்ததே. ஆகவே, ‘இது புயற்காலம் அன்று’ என்று ஊர் வழக்கத்தைக் கொண்டு முடிவு செய்வது வெளிமாநிலத்தில் வாழ்வோருக்குப் பொருந்தாது. தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் ஒரு பருவமும், அது முடிந்தபின் ஒரு பருவமுமாக, ஆண்டுக்கு இரு முறை நம் கடல்கள் புயலை ஈனுகின்றன.

சொல் பிறந்த ஊர்

புயலைக் குறிக்க உலகெங்கும் வழங்கும் ‘சைக்ளோன்’ என்னும் சொல் நம் நாட்டிலேயே, கொல்கத்தாவிலேயே பிறந்தது என்பது பலர் அறியாத செய்தி. கப்பல் தலைவராக இருந்து பின்னர் அந்நகரில் கடல்துறை விசாரணை மன்றத்தில் பணியாற்றிய ஹென்றி பிட்டிங்டன் என்பவர், புயலில் சிக்கிய கப்பல்களின் குறிப்பேடுகளை ஆராய்ந்து, காற்று நேராக வீசாமல் ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்கிறது என்பதை மாலுமிகளுக்கு விளக்கினார். பாம்பு சுருண்டு கிடப்பதை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயரும் இட்டார். 1848-ல் மாலுமிகளுக்கென ஒரு கைந்நூலையும் வெளியிட்டார்.

அவர் வாழ்க்கையில் நாம் கருத வேண்டிய நிகழ்ச்சி மற்றொன்று உண்டு. கொல்கத்தாவுக்குத் தென்கிழக்கே மாதலா ஆற்றின் கரையில் புதிய துறைமுகம் ஒன்று அமைக்க அக்கால அரசாங்கம் திட்டமிட்டது. அவ்விடத்தை ஒருநாள் புயலும் அதனோடு பொங்கிவரும் கடலும் மூழ்கடிக்கும் என்று பிட்டிங்டன் 1853-ல் கவர்னர் ஜெனரலுக்கு எழுதினார். எழுத்து கேட்பாரற்றுப் போயிற்று. கானிங் என்ற பெயரில் துறைமுகம் எழுந்தது. 1867-ம் ஆண்டு நவம்பர் மாதம் வீசிய புயல் அதைச் சிதைத்தது. சில ஆண்டுகளில் துறைமுகம் கைவிடப்பட்டது. எச்சரிக்கை இருந்தது, அதைக் கேட்டு நடப்பாரில்லை. புயலின் வரலாறு நெடுகிலும் இந்தக் குறையையே நாம் காண்கிறோம்.

அதற்கு முன்பே, 1864-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி, ஹூக்ளி ஆற்றின் வழியே கடல் புகுந்து சுமார் 60,000 பேர் மாண்டனர். துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த கப்பல்களில் பெரும்பாலானவை சேதமுற்றன. அந்தப் பேரிடருக்குப் பின்னரே 1865-ல் கொல்கத்தாத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை ஏற்பட்டது. 1875-ல் இந்திய வானிலைத் துறை தோன்றியதற்கும் இப்புயலும், தொடர்ந்து வந்த பஞ்சங்களும் காரணமாயின.

புயல் எவ்வாறு வலுக்கிறது?

புயலுக்கு உணவு வெதுவெதுப்பான கடல்நீர். கடலின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 26.5 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கவேண்டும்; அவ்வெப்பம் மேற்பரப்போடு நில்லாமல் பல பத்து மீட்டர் ஆழத்துக்குப் பரவியிருக்கவும் வேண்டும். நீர் ஆவியாகி எழும்போது வெப்பத்தைத் தன்னுள் மறைத்து எடுத்துச் செல்கிறது. உயரத்தில் அந்த ஆவி குளிர்ந்து மேகமாகும்போது, மறைந்திருந்த உள்ளுறை வெப்பம் வெளிப்பட்டுச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலும் எழ, கீழே அழுத்தம் குறைகிறது. குறைந்த அழுத்தத்தை நோக்கி நாற்புறமிருந்தும் காற்று விரைகிறது. வரும் வழியில் மேலும் நீராவியை வாரிக்கொண்டு வருகிறது. இவ்வாறு ஒன்று மற்றொன்றை வளர்க்க, தாழ்வு நிலை தாழ்வு மண்டலமாகி, தாழ்வு மண்டலம் புயலாகிறது.

விரைந்து வரும் காற்று, பூமி தன்னைத்தானே சுற்றுவதன் விளைவாக, நேராக மையத்தை அடையாமல் விலகிச் சுழல்கிறது. பூமியின் வடபாதியில் இச்சுழற்சி எப்பொழுதும் இடஞ்சுழியாகவே இருக்கும். தயிர் கடையும்போது மத்தைச் சுற்றி மோர் சுழன்று நடுவில் குழி விழுவதைக் கண்டிருக்கிறோம். புயலின் மையமும் அத்தகைய ஒரு குழிதான். ஆனால் அது காற்றழுத்தத்தில் விழுந்த குழி. வலுத்த புயலில் இந்தக் குழியின் நடுவே ‘கண்’ எனப்படும் அமைதியான வட்டம் தோன்றுகிறது. அதைச் சூழ்ந்து நிற்கும் மேகச் சுவரிலேதான் காற்றின் கொடுமை உச்சத்தில் இருக்கும்.

வலுக்கும் வேகத்துக்கு ஓர் உதாரணம் கூறலாம். 2013-ம் ஆண்டு அக்டோபர் 8-ந் தேதி அந்தமான் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் காணப்பட்டது. மறுநாள் அது புயலாகிப் ‘பைலின்’ என்ற பெயர் பெற்றது. 10-ந் தேதி காலையில் அதன் காற்று வேகம் மணிக்குச் சுமார் 83 கிலோமீட்டர். 11-ந் தேதி காலையில் அதே புயலின் வேகம் 215 கிலோமீட்டர். இரவு படுக்கச் சென்றபோது சாதாரணமாகத் தோன்றிய புயல், விடிந்து எழும்போது வேறொன்றாக மாறியிருந்தது. காற்றின் வேகம் இரு மடங்கானால் சுவரின் மீதும் கூரையின் மீதும் அது செலுத்தும் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

புயல் செல்லும் பாதையை முன்கூட்டிச் சொல்வதில் விஞ்ஞானம் இன்று பெரிதும் தேர்ந்திருக்கிறது. செயற்கைக்கோள்களும் கரையோர ராடார்களும் அதைக் கணந்தோறும் பின்தொடர்கின்றன. ஆனால் ஒரு புயல் எப்பொழுது, எவ்வளவு விரைவில் வலுக்கும் என்பதைக் கணிப்பது இன்னும் கடினமாகவே இருக்கிறது. உலகம் வெப்பமடைய வெப்பமடைய, மிகக் கடுமையான புயல்களின் விகிதம் கூடும் என்பதே ஆய்வாளரின் மதிப்பு. ஆகவே, நேற்றைய அறிவிப்பைக் கொண்டு இன்றைக்கு முடிவு செய்யலாகாது.

காற்றினும் கொடிய நீர்

புயல் என்றவுடன் நம் மனக்கண் முன் நிற்பது முறிந்த மரமும் பறந்த கூரையும். எனினும் நம் கடற்கரைகளில் புயலால் மாண்டோரைக் கணக்கெடுத்தால், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் காற்றால் மாண்டவர் அல்லர், நீரால் மாண்டவர். புயலுக்குமுன் கடல் பொங்கி நிலத்தில் ஏறுவதைக் கடற்பெருக்கு எனலாம். இதற்குக் காரணம் இரண்டு. மையத்தில் காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயர்கிறது. ஒடிசாவைத் தாக்கிய 1999-ம் ஆண்டுப் பெரும்புயலின் மைய அழுத்தம் 912 மில்லிபாராகக் குறைந்தது என மதிப்பிட்டுள்ளனர். இது இயல்பைவிடச் சுமார் 100 மில்லிபார் குறைவு. இதனால் கடல் ஒரு மீட்டர் உயர்ந்திருக்கும். ஆனால் அன்று எழுந்த பெருக்கோ 5 முதல் 6 மீட்டர். எஞ்சிய உயரம் முழுவதும், ஆழமற்ற கரையோரக் கடலின்மீது காற்று நீரைத் தள்ளிக் குவித்ததால் விளைந்தது.

வங்கக் கடலின் வடபகுதி இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. மேலே செல்லச் செல்ல விரிகுடா புனல்போல் குறுகுகிறது. கடலடி ஆழமின்றி நெடுந்தூரம் பரந்திருக்கிறது. கரை தாழ்ந்த வண்டல் நிலமாக இருக்கிறது. ஆற்று முகங்கள் நீருக்கு வாயில் திறந்து வைத்திருக்கின்றன. 1970-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி, அந்நாளில் கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த வங்காளதேசத்தில், ஒரே இரவில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதற்கு இவ்வமைப்பே காரணம். 1977-ம் ஆண்டு நவம்பர் 19-ந் தேதி ஆந்திரத்தின் திவிசீமைப் பகுதியில் சுமார் 10,000 பேரைக் கடல் கொண்டது. தமிழ்நாட்டிலும் 1964-ம் ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது காற்று மட்டுமன்று. பயணிகளோடு வந்த ரயில் வண்டியை வாரிச் சென்றது கடல்நீரே.

பெருக்கு எல்லாப் பக்கமும் ஒரே அளவாக எழுவதில்லை. புயல் செல்லும் திசையை நோக்கி நாம் நிற்பதாகக் கொண்டால், வலப்புறத்தில்தான் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும்; நீரைத் தள்ளுவதும் அந்தப் பக்கமே. மேற்கு நோக்கி வந்து ஆந்திரக் கரையைக் கடக்கும் புயலாயின் கடக்கும் இடத்துக்கு வடக்கே உள்ளோர்க்கு அபாயம் மிகுதி. வடக்கு நோக்கிச் சென்று வங்காளத்தில் ஏறும் புயலாயின் கிழக்கே உள்ளோர்க்கு மிகுதி. ‘நம் ஊருக்குத் தெற்கே கடந்துவிடும்’ என்ற செய்தி எப்பொழுதும் ஆறுதலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

இயற்கை தந்த அரண் ஒன்று உண்டு. பிச்சாவரத்தில் நாம் காணும் சதுப்பு மரக் காட்டைத் தமிழில் அலையாத்திக் காடு என்கிறோம். அலையை ஆற்றுவது என்பது பொருள். 1999-ம் ஆண்டுப் புயலின்போது ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டத்தில், கடலுக்கும் தமக்கும் இடையே இத்தகைய காடு அகன்றிருந்த கிராமங்களில் உயிர்ச்சேதம் குறைவாக இருந்ததென்று பின்னர் ஆராய்ந்தோர் கண்டனர். பெயர் இட்டவர் அறிந்தே இட்டிருக்கின்றனர்.

ஒடிசா கற்ற பாடம்

1999-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி, மணிக்கு 260 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் பாரதீப் துறைமுகத்தின் அருகே கரையேறிய புயல், உடனே நகர்ந்து போய்விடவில்லை. கரையோரத்திலேயே நெடுநேரம் நின்று மழையைக் கொட்டியது. சுமார் 10,000 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பகுதியினர் ஜகத்சிங்பூர் மாவட்டத்தினர். ஒரு கோடிக்கு மேற்பட்டோர் வீடும் விளைவும் இழந்து வாடினர். தொலைபேசியும் மின்சாரமும் சாலையும் அற்றுப்போக, மாநிலத்தின் நிலைமை வெளியுலகுக்குத் தெரியவே நாட்கள் ஆயின.

புயல் வருகிறது என்பதை அன்றைக்கும் வானிலைத் துறை அறிவித்தே இருந்தது. ஆனால் கேட்ட குடிமக்கள் எங்கே போவது? உயரமான, உறுதியான கட்டடங்கள் அக்கரையில் விரல்விட்டு எண்ணத்தக்கனவாகவே இருந்தன. கேட்டவருள்ளும் பலருக்கு அதன் கடுமை விளங்கவில்லை. பன்னிரண்டு நாட்களுக்கு முன்னர்தான் கோபால்பூர் அருகே ஒரு புயல் கடந்திருந்தது. அதைப் போன்றதே இதுவும் என்று எண்ணுவது மனித இயல்பு.

அவ்வாண்டு இறுதியிலேயே ஒடிசா அரசு பேரிடர் மேலாண்மைக்கென்று தனி அமைப்பை நிறுவியது. இந்திய மாநிலங்களில் இவ்வாறு செய்தது அதுவே முதல். பின்வந்த ஆண்டுகளில் கரையோரம் முழுவதும் தூண்கள்மீது உயர்த்திய புயற் காப்பகங்கள் நூற்றுக்கணக்கில் எழுந்தன. சாதாரண நாட்களில் அவற்றுட் பல பள்ளிக்கூடமாகப் பயன்படுவதால், மக்கள் அவ்விடத்துக்குப் புதியவர் அல்லர், கட்டடமும் பாழடைவதில்லை. கிராமந்தோறும் தொண்டர்களுக்குப் பயிற்சி அளித்தார்கள். யார் முதியோரைத் தூக்கிச் செல்வது, யார் கருவுற்ற பெண்களை முன்னதாகவே மருத்துவமனைக்கு அனுப்புவது, யார் வீடு வீடாகக் கதவைத் தட்டுவது என்பதெல்லாம் முன்கூட்டியே வகுக்கப்பட்டன.

2013-ல் பைலின் வந்தபோது இவ்வேற்பாடு சோதனைக்கு உள்ளாயிற்று. துர்க்கா பூஜை விழாக்காலம். அரசு ஊழியரின் விடுமுறைகள் ரத்தாயின. சுமார் 10 லட்சம் மக்கள் கரையோரத்திலிருந்து அகற்றப்பட்டனர். அக்டோபர் 12-ந் தேதி இரவு புயல் கோபால்பூர் அருகே கரையேறியது. பல்லாயிரம் வீடுகள் வீழ்ந்தன, நெற்பயிர் நாசமாயிற்று. ஆயினும் மாண்டவர் ஐம்பதுக்கும் குறைவு. 1999-ம் ஆண்டுப் புயலே இதனினும் வலியது என்பதை ஒப்புக்கொண்டாலும், பத்தாயிரத்துக்கும் ஐம்பதுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டைக் காற்றின் வேகத்தைக் கொண்டு மட்டும் விளக்க இயலாது. 2019-ல் ஃபணி பூரியின் அருகே வந்தபோதும் சுமார் 12 லட்சம் பேர் பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றனர்.

மேற்குக் கரையிலும் இத்தகைய மாறுதலைக் காணலாம். 1998-ம் ஆண்டு ஜூன் 9-ந் தேதி கண்ட்லாத் துறைமுகப் பகுதியில் கடல் புகுந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பலர் உப்பளத்திலும் துறைமுகத்திலும் கூலிவேலை செய்து, தாழ்நிலத்தில் குடிசை கட்டி வாழ்ந்தவர். வெளியூர்களிலிருந்து பிழைக்க வந்தோரும் அவர்களுள் உண்டு. 2023-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி அதே கச்சு மாவட்டத்தில் ஜகாவ் அருகே பிபர்ஜாய் புயல் கரையேறியபோது, முன்னதாகவே ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் அகற்றப்பட்டிருந்தனர். உயிர்ச்சேதம் மிகச் சொற்பம்.

கூண்டும் நிறமும்

இனி, எச்சரிக்கையைப் படிக்கும் முறையைச் சிறிது காண்போம். ‘மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது’ என்று செய்தியில் கேட்கிறோம். இது கப்பல்களுக்கும் துறைமுகத்துக்கும் உரிய குறியீடு. 1, 2 ஆகியவை தொலைதூர எச்சரிக்கைகள்; 3, 4 ஆகியவை அத்துறைமுகத்துக்கே உரிய முன்னெச்சரிக்கைகள். 5, 6, 7 ஆகியவை அபாயக் குறிகள். 8, 9, 10 ஆகியவை பேரபாயக் குறிகள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. எண் கூடக்கூட ஒவ்வொரு படியும் வலிமை கூடுகிறது என்பது பொதுவாக நிலவும் எண்ணம். உண்மையில் 8-க்கும் 9-க்கும் வேறுபாடு வலிமையில் இல்லை. கடும்புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதிலேயே இருக்கிறது. 10 என்பது துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்கும் என்பதைக் குறிக்கும். 5, 6, 7 ஆகியவற்றுக்கும் அவ்வாறே. 11-ம் எண் வானிலை நிலையத்துடன் தொடர்பு அறுந்துபோனதைத் தெரிவிப்பது.

பொதுமக்களுக்கு நான்கு கட்ட அறிவிப்புகள் உண்டு. புயல் உருவாகும் அறிகுறி தென்பட்டவுடன் வருவது முதற்கட்டக் கண்காணிப்பு அறிவிப்பு. கரையோரத்தில் மோசமான வானிலை தொடங்குவதற்குக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் வருவது விழிப்பறிவிப்பு. இதன் நிறம் மஞ்சள். 24 மணி நேரத்துக்கு முன் வருவது புயல் எச்சரிக்கை. இதன் நிறம் ஆரஞ்சு. 12 மணி நேரத்துக்கு முன், புயல் கரையேறிய பின் உள்நாட்டில் என்ன நேரும் என்பதையும் சேர்த்துக் கூறுவது சிவப்பு. சிவப்பு வரும்வரை காத்திருந்து மூட்டை கட்டத் தொடங்குவோர் பெரும்பாலும் காலந்தாழ்ந்தவரே. ‘மாலை ஆறு மணிக்குக் கரையைக் கடக்கும்’ என்பது மையம் கடக்கும் நேரம். பலத்த காற்றும் பொங்கும் நீரும் அதற்குப் பல மணி நேரம் முன்பே வந்து வழியை அடைத்துவிடும்.

காற்றின் வேகத்தைக் கொண்டு புயலுக்குத் தரமும் உண்டு. மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால் புயல்; 89-ஐ எட்டினால் கடும்புயல்; 118-ஐ எட்டினால் மிகக் கடும்புயல்; 166-ஐ எட்டினால் அதிதீவிரம்; 220-ஐத் தாண்டினால் பெரும்புயல். பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். நம் கடல்களைச் சூழ்ந்த நாடுகள் தரும் பெயர்கள் வரிசைப்படி சூட்டப்படுகின்றன. ஃபணி என்பது வங்காளதேசம் தந்த பெயர். பாம்பு என்பது பொருள். பாம்பைப் ‘பணி’ என வழங்கும் தமிழ் இலக்கிய மரபை அறிந்தோர்க்கு இது புதிதன்று. 2020-ல் வெளியான பட்டியலில் இந்தியா தந்த பெயர்களுள் ‘முரசு’, ‘நீர்’ ஆகிய தமிழ்ச் சொற்களும் இடம்பெற்றிருக்கின்றன.

அயல்மொழியில் வரும் எச்சரிக்கை

எல்லாவற்றினும் முக்கியமானது இதுவே. ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருவில் வரும்போது அது தமிழில் பேசாது. கைப்பேசியில் வரும் அவசரச் செய்தியும் அந்தந்த மாநில மொழியில் இருக்கலாம். ஆகையால் சில சொற்களையேனும் காதுக்குப் பழக்கிக்கொள்வது நல்லது. ஒடியாவில் புயல் ‘பாத்யா’, வங்காளியில் ‘கூர்ணிஜோர்’, தெலுங்கில் ‘துஃபானு’, இந்தியில் ‘சக்ரவாத்’, மராத்தியில் ‘சக்ரீவாதள்’, குஜராத்தியில் ‘வாவாஜோடு’. கடற்பெருக்கை வங்காளியர் ‘ஜலோச்சாஸ்’ என்பர். தெலுங்கர் ‘உப்பெனா’ என்பர். இவ்விரு சொற்களும் காதில் விழுந்தால், தாழ்நிலத்தில் இருப்போர் வேறு விளக்கத்துக்குக் காத்திராமல் உயரமான இடத்தை நாடவேண்டும்.

ஆண்டுக் கணக்கில் ஓரிடத்தில் வாழும் குடும்பத்தினருக்கு அண்டை அயலார் சொல்வர். ஆனால் கட்டட வேலைக்கும் மீன்பிடி வேலைக்கும் நேற்று வந்து, கொட்டகையில் தங்கியிருக்கும் தொழிலாளிக்கு யார் சொல்வர்? அவருக்கு ஊர்ப் பழக்கம் இல்லை, மொழி இல்லை, காப்பகம் எங்கே என்பது தெரியாது. நம் சங்கங்களும் கோயிற் குழுக்களும் பொங்கல் விழாவுக்குத் திரட்டும் பெயர்ப் பட்டியலையே இந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தலாம். முகவரிகளைப் பார்த்துத் தாழ்நிலத்தில் வாழ்வோர் யார் எனக் குறித்துவைத்து, மஞ்சள் அறிவிப்பு வந்தவுடன் அவர்களோடு பேசவேண்டும்.

செய்யவேண்டியவை பலவல்ல. நம் வீடு கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதையும், அருகிலுள்ள காப்பகம் எது என்பதையும் புயலற்ற நாளிலேயே அறிந்துகொள்ள வேண்டும். பற்றுமின்கலத்தில் இயங்கும் சிறு வானொலிப் பெட்டி ஒன்று வீட்டில் இருக்கட்டும். மின்சாரமும் கைப்பேசியும் ஓய்ந்த பின்னும் அது பேசும். குடிநீரும், உலர்ந்த உணவும், வழக்கமாக உட்கொள்ளும் மருந்தும், முக்கியப் பத்திரங்களும் ஒரே பையில் இருக்கவேண்டும். காற்று திடீரென்று நின்றால் புயல் ஓய்ந்ததென்று வெளியே வரலாகாது. 2014-ம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி ஹூட்ஹுட் புயலின் கண் விசாகப்பட்டின நகரின் மீதே சென்றது. கண் கடந்தபின் காற்று எதிர்த்திசையிலிருந்து மறுபடியும் அறைந்தது. முதற்காற்றில் தளர்ந்த கூரையும் மரமும் மறுகாற்றில்தான் பெரும்பாலும் வீழும். மழை ஓய்ந்தபின் தேங்கிய நீரில் இறங்குமுன், அறுந்த மின்கம்பி கிடக்கிறதா என்று பார்ப்பது அவசியம். அம்பன் புயலின்போது கொல்கத்தா நகரத்தில் வீழ்ந்த ஆயிரக்கணக்கான மரங்களோடு மின்கம்பிகளும் வீழ்ந்தன.

ஊரிலிருக்கும் உறவினர் செய்தி கேட்டுக் கலங்குவது இயல்பு. புயல் நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் தொலைபேசியில் பேச முற்பட்டால் இணைப்புக் கிடைப்பதரிது. எங்கே செல்கிறோம் என்பதை முன்னதாகவே ஒரு வரியில் தெரிவித்துவிட்டுப் புறப்படுவது இரு தரப்பாருக்கும் நலம்.

வீட்டை விட்டுச் செல்ல மனம் எளிதில் இசையாது. சேர்த்த பொருளைத் திருடர் கொண்டுபோவரோ என்ற அச்சம் ஒரு பக்கம். சென்ற முறை அறிவித்தும் புயல் வேறு பக்கம் திரும்பிவிட்டதே என்ற அலட்சியம் மறுபக்கம். புயல் திரும்பிப் போனால் நாம் இழப்பது ஓர் இரவு உறக்கம். அது திரும்பாமல் வந்தால் என்ன இழப்போம் என்பதை 1999-ம் ஆண்டின் ஜகத்சிங்பூரும் 1998-ம் ஆண்டின் கண்ட்லாவும் நமக்குச் சொல்லியிருக்கின்றன. புயல் கரையை அடைய இன்று நமக்கு இரண்டு நாள் அவகாசம் கிடைக்கிறது. 1864-ம் ஆண்டு கொல்கத்தாவாசிகளுக்கு அது கிடைக்கவில்லை. அந்த இரண்டு நாளில் முதல் நாளையே பயன்படுத்திக்கொள்வோமாக.